மூச்சு திரும்பியது, இருதயம் திரும்பவில்லை: ஒரு வலிமருந்தின் 53 ஆண்டுகள்

பத்திரிகைப் பணியில் வெளிநாட்டுச் செய்திகளைத் தொகுக்கும் மேசையில் நீண்ட காலம் அமர்ந்திருந்தவன் நான். அந்த மேசையில் எழுதுவதைவிட வெட்டுவதே அதிகம். உலகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து குவியும் செய்திகளில் எதை விடுவது, எதை நான்கு வரியாக்குவது, எதற்குத் தலைப்பிடுவது என்பதை இரவு பத்து மணிக்குள் முடிவு செய்தாக வேண்டும். 2010 நவம்பர் 19ஆம் திகதி வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் வெளியான அறிவிப்பொன்று மறுநாள் என் மேசைக்கு வந்தது. "டார்வொன்" என்ற வலிநிவாரணி மாத்திரை சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்படுகிறது என்பதே செய்தி. நம் நாட்டு வாசகர்களுக்குப் பரிச்சயமில்லாத பெயர். நான் அதை நான்கு வரியாகச் சுருக்கி உள்பக்கத்தின் அடியில் போட்டேன். அம்மாத்திரை இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது என்ற வாக்கியம் ஐந்தாவது வரியில் இருந்தது. அது அச்சேறவில்லை.

அந்த ஐந்தாவது வரிதான் செய்தியின் உயிர் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்துகொண்டேன். இலங்கையில் கிருமிநாசினி அருந்தி உயிர்மாய்ப்போர் தொகை எவ்வாறு குறைந்தது என்பதைப் பற்றி எழுதுவதற்காக ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே பேச்சில் இந்த மாத்திரையின் பெயரும் மீண்டும் மீண்டும் வந்தது. அனுராதபுரத்து வயலுக்கும் இலண்டன் வீட்டு மருந்துப் பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று தேடப் போய், 53 ஆண்டுகாலக் கதையொன்று கிடைத்தது. நான் வைத்தியன் அல்லன். எனினும் அன்று வெட்டிய வரியை இன்று முழுமையாக எழுதிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

அபின் குடும்பமும் இருதயமும்

அபினிலிருந்து பெறப்படுவனவும், அதே விதத்தில் செயற்படுமாறு ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்படுவனவுமான வலிமருந்துகள் ஒரு பெரிய குடும்பம். மோர்பின், கோடீன், பெதடின், மெதடோன், ஃபென்டனில் ஆகியன அக்குடும்பத்தின் பிரபலமான உறுப்பினர்கள். இவை அளவுக்கு மீறும்போது உயிரைப் பறிக்கும் வழி மூச்சு என்பது வைத்திய மாணவர்கள் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று. மூளையின் அடித்தண்டில் சுவாசத்தை நடத்தும் பகுதி மந்தமடைகிறது. மூச்சு குறைந்து, பின் நின்றுவிடுகிறது. கண்மணி ஊசிமுனை போற் சுருங்குதல், மயக்கம், மந்தமான சுவாசம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கண்டால் அபின் நஞ்சு என்று ஐயுற வேண்டும் என்பர்.

இருதயத்தின் மீதும் இவற்றுக்குச் செல்வாக்கு உண்டு என்பது நெடுங்காலமாகவே தெரிந்த விடயந்தான். மோர்பினும் ஃபென்டனிலும் வேகசு நரம்பின் வழியாக நாடித்துடிப்பைக் குறைக்கின்றன. மோர்பின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துகிறது. பெதடின் இதற்கு மாறானது. அது 1930களின் இறுதியில் ஜேர்மனியில், குடற்தசைப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்தொன்றைத் தேடிய ஆய்வில் கிடைத்தது. ஆகையால் அற்றோப்பினை ஒத்த குணம் அதற்கு உண்டு, நாடித்துடிப்பை அது கூட்டக்கூடும். ஆனால் இவையெல்லாம் இருதயத்துக்கு வெளியிலிருந்து நரம்புகள் கொடுக்கும் கட்டளையில் ஏற்படும் மாற்றங்கள். குதிரையின் கடிவாளத்தை இழுப்பதையும் தளர்த்துவதையும் போன்றவை. அவசர சிகிச்சைப் பிரிவில் இவற்றைச் சமாளிக்க வழிகள் உண்டு. குதிரையின் காலையே முடக்கும் மருந்து இக்குடும்பத்தில் இருக்கும் என்று அன்று பலரும் எதிர்பார்க்கவில்லை.

மெதடோனின் உறவு மருந்து

மெதடோன் இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஜேர்மனியில் உருவாக்கப்பட்டது. போரின் முடிவில் ஜேர்மனிய மருந்துத் தொழிற்சாலைகளின் ஆய்வுக் குறிப்புகள் நேச நாடுகளின் கைக்கு வந்தன. அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்திலுள்ள ஈலை லில்லி நிறுவனம் மெதடோனைத் தயாரித்து விற்றதோடு நின்றுவிடாமல், அதன் மூலக்கூற்றைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தது. வலியைத் தணிக்க வேண்டும், ஆனால் அடிமைப்படுத்தக் கூடாது என்பதே அக்காலத்து மருந்து இரசாயனவியலாளர்கள் எல்லோருடைய கனவும். 1950களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் இரசாயனவியலாளர் ஆல்பர்ட் போலண்ட் தயாரித்த ஒரு சேர்மம் அக்கனவுக்கு அண்மையில் வந்ததாகத் தோன்றியது. அதுவே புரொபொக்சிபீன். 1957இல் "டார்வொன்" என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது.

இங்கே ஒரு சுவையான செய்தியுண்டு. அச்சேர்மத்துக்கு வலக்கை இடக்கை போல இரு வடிவங்கள். ஒன்று வலியைத் தணித்தது. மற்றது வலிக்கு உதவாமல் இருமலை மட்டும் அடக்கியது. இருமலை அடக்கிய வடிவத்துக்கு நிறுவனம் இட்ட பெயர் "நோவ்ராட்". டார்வொன் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் அப்பெயர் கிடைக்கும். கண்ணாடிப் பிம்பத்துக்கு ஏற்ற பெயர்தான்.

டார்வொன் பெரும் வெற்றி பெற்றது. கோடீனைப் போல ஐயத்தோடு பார்க்கப்படாமல், அஸ்பிரினுக்கும் மோர்பினுக்கும் இடைப்பட்ட சாதுவான மாத்திரை என்ற நற்பெயரோடு அது வீடுகளுக்குள் நுழைந்தது. 1970களில் அமெரிக்காவில் வைத்தியர்கள் மிக அதிகமாக எழுதிக்கொடுத்த மருந்துகளுள் அதுவும் ஒன்று. அங்கு கட்டுப்பாட்டுக்குரிய போதை மருந்துகளின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டதே 1977இல்தான். பிரித்தானியாவில் பரசிற்றமோலோடு கலந்து, ஒரு மாத்திரையில் 32.5 மில்லிகிராம் புரொபொக்சிபீனும் 325 மில்லிகிராம் பரசிற்றமோலும் கொண்ட "கோ-புரொக்சமோல்" ஆக அது பரவியது. மூட்டுவலியோடு வாழும் முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் அதை உட்கொண்டனர்.

ஆனால் அதன் வலிதணிக்கும் ஆற்றல் பற்றிய ஐயம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1970இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஒரு மதிப்பாய்வு, அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, இம்மருந்து அஸ்பிரினையோ கோடீனையோ விட மேலானதல்ல, அவற்றிலும் தாழ்ந்ததாக இருக்கவும் கூடும் என்ற முடிவுக்கு வந்தது. அதாவது சாதாரண மாத்திரையொன்று தரும் நிவாரணத்தையே இதுவும் தந்தது. இந்த உண்மையை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கணக்குகளுக்கும் இதுவே முதற்புள்ளி.

அவசரப் பிரிவில் கண்ட புதிர்

அபின் நஞ்சுக்கு மாற்று மருந்தான நலொக்சோன் அமெரிக்காவில் 1971இல் அங்கீகாரம் பெற்றது. அதன் செயலைப் பார்த்தவர்கள் அதிசயம் என்றே சொல்வார்கள். நீலம் பாரித்துக் கிடக்கும் நோயாளிக்கு நரம்பு வழியாக ஏற்றினால் சில நிமிடங்களுக்குள் மூச்சு திரும்பும், கண் திறக்கும். மோர்பின், ஹெரோயின் நஞ்சுகளுக்கு இது பெரும் வரமாயிற்று.

டார்வொன் அருந்தியவர்களிடத்தில் மட்டும் கதை வேறாக இருந்தது. நலொக்சோன் கொடுத்ததும் சுவாசம் சீரடையும். ஆனால் ஈ.சி.ஜி. தாளில் ஓடும் கோடு சீரடையாது. இரத்த அழுத்தம் எழாது. சிலருக்கு வலிப்பு வரும். மூச்சு திரும்பிய நோயாளியின் இருதயம் கண்ணெதிரே நின்றுவிடும். அபின் மருந்துகள் பற்றிப் படித்த பாடத்தில் இதற்கு விடை இருக்கவில்லை.

அக்கோடு சொல்வதென்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஈ.சி.ஜி. தாளில் முதலில் ஒரு சிறு மேடு, அடுத்து ஊசி போன்ற ஓர் உயர்ந்த கூம்பு, இறுதியில் அகன்ற ஒரு மேடு என மூன்று பகுதிகள் வரையப்படும். முதலாவது மேலறைகள் சுருங்குவதற்கான மின்னோட்டம். கியூ.ஆர்.எஸ். எனப்படும் இரண்டாவது, கீழறைகள் இரண்டும் ஒருசேரச் சுருங்குவதற்கான மின்னோட்டம். மூன்றாவது, அடுத்த துடிப்புக்காக இருதயத் தசை மீண்டும் மின்னேற்றம் பெறுவதைக் குறிக்கும். நடுவிலுள்ள கூம்பு ஒடுக்கமாக இருக்க வேண்டும், 0.12 செக்கனுக்கு, அதாவது தாளிலுள்ள மூன்று சிறு கட்டங்களுக்கு உட்பட்டிருக்க வேண்டும். தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்கள் எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தாற்றான் தேர் நகரும். ஒரு பக்கத்தார் இழுத்து முடித்த பின்னர் மறுபக்கத்தார் இழுக்கத் தொடங்கினால் தேர் ஆடுமே தவிர ஓடாது. கூம்பு அகலுவது என்பது அதுதான்.

மின்னோட்டம் தசைக் கலங்களில் விரைந்து பாய்வதற்கு, அக்கலங்களின் சுவரிலுள்ள சோடியம் வாயில்கள் சட்டெனத் திறக்க வேண்டும். புரொபொக்சிபீன் அவ்வாயில்களை அடைத்துக்கொள்கிறது. பல் பிடுங்குவதற்கு முன் ஏற்றும் விறைப்பு மருந்து நரம்பில் செய்யும் வேலையை இது இருதயத்தில் செய்கிறது என்று கூறலாம். நலொக்சோன் அபின் மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளிலிருந்து அவற்றை விலக்குவது. சோடியம் வாயிலோ வேறோர் இடம். அங்கு அதற்கு வேலையில்லை. மூச்சு திரும்பியும் இருதயம் திரும்பாத புதிருக்கு விடை இதுவே.

இன்னுமொரு சிக்கலும் இருந்தது. ஈரல் புரொபொக்சிபீனை நோர்புரொபொக்சிபீன் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. அப்பொருளுக்கு வலிதணிக்கும் சக்தி குறைவு. இருதயத்தைத் தாக்கும் சக்தி அதிகம். உடலில் அதன் பாதியளவு வெளியேறுவதற்கு 30 முதல் 36 மணித்தியாலங்கள் வரை செல்லும். வேளைக்கு வேளை மாத்திரை எடுப்பவரின் உடலில், குறிப்பாக முதியவர்களிடத்திலும் சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடத்திலும், அது சேர்ந்துகொண்டே போகும்.

தடயம் விடாத மரணம்

இவையெல்லாம் 2010இல் திடீரெனக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. 1970களின் பிற்பகுதியிலேயே முயல்களிலும் நாய்களின் இருதயத் திசுக்களிலும் நடந்த ஆய்வுகள், இந்த இரு பொருட்களும் இருதயத்தின் மின்கடத்தலை மந்தப்படுத்துவதைக் காட்டிவிட்டன. 1984இல் டென்மார்க்கைச் சேர்ந்த வைத்தியர்கள், புரொபொக்சிபீன் நஞ்சோடு தொடர்ச்சியாக அனுமதிக்கப்பட்ட 222 நோயாளிகளைப் பற்றி எழுதினர். 1989இல் அமெரிக்க வைத்தியர்கள், அகன்றுபோன கூம்பை லிடோக்கெயின் மருந்து கொடுத்து ஒடுக்கியதை விவரித்தனர். லிடோக்கெயினும் சோடியம் வாயிலை அடைப்பதே. ஆனால் அது வந்த வேகத்திலேயே விலகிச் செல்வது. பிடிவாதமான விருந்தாளி அமர்ந்திருந்த கதிரையை, சீக்கிரம் எழுந்து போகும் விருந்தாளியொருவர் பிடித்துக்கொண்டது போன்ற உபாயம் அது. 1990களில் சோடியம் பைகாபனேற் ஏற்றிக் காப்பாற்றிய அனுபவங்களும் பதிவாயின.

அறிவு இருந்தது. ஆனால் அது சிதறிக் கிடந்தது. அதற்கு ஒரு காரணத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இருதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து ஒருவர் இறந்தால், அதற்கான தடயம் உடலில் எஞ்சுவதில்லை. பிரேத பரிசோதனையில் அடைபட்ட இரத்தக் குழாயைக் காணலாம், கிழிந்த தசையைக் காணலாம். நின்றுபோன தாளத்தைக் காண முடியாது. இரத்தத்தில் அபின் வகை மருந்து இருப்பது தெரிந்தால், மூச்சடங்கி இறந்தார் என்று கொள்வதே இயல்பு. மேலும், இம்மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டவர்களுட் பலர் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே, வைத்தியசாலையை அடையுமுன் இறந்தனர். அவர்களுக்கு ஈ.சி.ஜி. எடுக்க எவருமிருக்கவில்லை. உயிரோடு அவசரப் பிரிவை எட்டிய சிலரின் தாள்களில் ஓடிய கோடுகளே இந்தக் குற்றத்துக்கு நேரடிச் சாட்சி.

அந்தச் சாட்சியம் சபையேறியும் தீர்ப்பு வரவில்லை. நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ப் நேடருடன் சேர்ந்து பொதுச் சுகாதார ஆய்வுக் குழுவொன்றை 1971இல் நிறுவிய வைத்தியர் சிட்னி வுல்ஃப், 1978இலேயே டார்வொனைத் தடைசெய்யுமாறு அமெரிக்க அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தார். விசாரணைகள் நடந்தன. எச்சரிக்கை வாசகங்கள் கடுமையாக்கப்பட்டன. மாத்திரை சந்தையிலேயே இருந்தது. அளவை மீறியவர்களுக்கும் மதுவோடு கலந்தவர்களுக்குமே ஆபத்து, சொன்னபடி உட்கொள்பவருக்கு அச்சமில்லை என்பதே மருந்தின் சார்பில் வைக்கப்பட்ட பிரதான வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதந்தான். ஆனால் நோய் தீர்க்கும் அளவுக்கும் உயிர் போக்கும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் இத்தனை குறுகியதாயிருக்கும் ஒரு மருந்து, அஸ்பிரினுக்கு மேற்படாத நிவாரணத்தைத் தருவதற்காக வீட்டிலிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் பதில் இல்லை.

பிரித்தானியா எடுத்த முடிவு

அக்கேள்வியை நேராகக் கேட்டது பிரித்தானியா. ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கீத் ஹோட்டனும் அவருடைய சகாக்களும் 1997 முதல் 1999 வரையிலான மூன்றாண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மருந்துகளால் நேர்ந்த 4,162 தற்கொலைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 766, அதாவது 18 சதவீதம், கோ-புரொக்சமோலினால் மட்டும் நேர்ந்தவை. பரசிற்றமோலினால் மட்டும் நேர்ந்தவை அதில் பாதியளவே. நாடெங்கும் மூலை முடுக்கெல்லாம் கிடைக்கும் பரசிற்றமோலைவிட, வைத்தியரின் சீட்டில்லாமல் வாங்க முடியாத ஒரு மாத்திரை இரு மடங்கு உயிர்களைப் பறித்திருந்தது.

2005 ஜனவரி 31ஆம் திகதி பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை முகவரகம் முடிவை அறிவித்தது. ஆண்டொன்றுக்கு 300 முதல் 400 வரையான மரணங்கள் இம்மருந்தினால் நேர்கின்றன என்றும், அவற்றில் ஏறத்தாழ ஐந்திலொன்று தற்செயலானவை என்றும் கூறப்பட்டது. பல ஆண்டுகளாக அதை நம்பியிருந்த நோயாளிகளை ஒரே நாளில் கைவிடாமல் படிப்படியாக நிறுத்துவதென்றும், 2007ஆம் ஆண்டு இறுதியோடு அனுமதிப்பத்திரங்களை இரத்துச் செய்வதென்றும் தீர்மானிக்கப்பட்டது. எதிர்ப்பும் எழுந்தது. வேறெந்த மாத்திரையும் தமக்கு ஒத்துவரவில்லை என்று சொன்ன மூட்டுவாத நோயாளிகளின் குரலை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு மருந்தை எடுத்துவிடும்போது அதனால் நன்மை கண்டவர்கள் கண்முன்னே நிற்கிறார்கள். அதனால் உயிர் தப்பியவர்கள் யாரென்று எவருக்கும் தெரிவதில்லை.

தெரியாத அவர்களை எண்ணிக்கையாகவேனும் அறிய முடிந்தது. 2005 முதல் 2010 வரையான ஆறு ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், எதிர்பார்க்கப்பட்டதைவிட ஏறத்தாழ 500 தற்கொலைகள் குறைந்திருந்ததாக ஹோட்டன் குழுவினர் பின்னர் கணித்தனர். தற்செயல் நஞ்சூட்டங்களையும் சேர்த்தால் அத்தொகை ஏறத்தாழ 600. ஏனைய வலிமருந்துகளால் நேர்ந்த மரணங்கள் அதற்கு ஈடாகக் கூடவில்லை. ஒரு வழியை அடைத்தால் மனிதர்கள் மறுவழி தேடுவார்கள் என்ற பழைய எண்ணம் இங்கே பொய்த்தது.

அமெரிக்காவின் கடைசி ஆண்டு

சிட்னி வுல்ஃப் 2006இல் இரண்டாம் முறையாக மனுக் கொடுத்தார். முதல் மனுவுக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள். 2009 ஜனவரி 30ஆம் திகதி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகத்தின் நிபுணர் குழு கூடி வாக்களித்தது. மருந்தை விலக்க வேண்டும் என்றோர் 14 பேர், வேண்டாமென்றோர் 12 பேர். அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பிய மருந்து முகவரகம் ஐரோப்பா முழுவதும் இம்மருந்தை நிறுத்தப் பரிந்துரைத்தது. ஆனால் ஜூலையில் அமெரிக்க நிருவாகம் வேறு முடிவெடுத்தது: மருந்து இருக்கட்டும், எச்சரிக்கை கடுமையாகட்டும், இருதயத்தில் அதன் விளைவை அளக்கும் புதிய ஆய்வொன்றை உற்பத்தி நிறுவனம் நடத்தட்டும்.

அந்த ஆய்வுதான் கதையை முடித்து வைத்தது. லில்லி நிறுவனம் 2002இலேயே டார்வொனை விற்றுவிட்டது. அப்போது அதற்கு உரித்தான நிறுவனம் சனோடைன். அது ஆரோக்கியமான தொண்டர்களுக்கு மருந்தைக் கொடுத்து ஈ.சி.ஜி. எடுத்தது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அளவிலேயே கோடுகள் மாறின. மின்னோட்டம் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் நேரம், கூம்பின் அகலம், மீண்டும் மின்னேற்றம் பெறும் வரையான கியூ.ரி. இடைவெளி ஆகிய மூன்றும் நீண்டன. கியூ.ரி. இடைவெளி மட்டும் சராசரியாக 30 மில்லிசெக்கன் அளவுக்குக் கூடியது. இவர்கள் மது அருந்தியவர்கள் அல்லர், அளவை மீறியவர்கள் அல்லர், நோயாளிகளும் அல்லர். சொன்னபடி உட்கொள்பவருக்கு அச்சமில்லை என்ற பழைய வாதம் அத்தோடு சரிந்தது. முன்னைய ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி அமெரிக்கர்கள் இம்மருந்தைப் பெற்றிருந்தனர். 2010 நவம்பர் 19ஆம் திகதி அறிவிப்பு வந்தது. மருந்தை நிறுத்தியதும் இருதயத்தின் ஆபத்தும் நீங்கிவிடும், அது உடலில் நிலைத்து நிற்பதன்று என்ற ஆறுதலையும் அதிகாரிகள் சேர்த்துச் சொன்னார்கள். 2013 மே மாதத்தில் இந்தியாவும் இம்மருந்தின் உற்பத்தியையும் விற்பனையையும் இடைநிறுத்தியது. சிட்னி வுல்ஃப் 2024இன் முதல் நாளில் காலமானார்.

இத்தகைய ஆய்வு 1979இல் நடந்திருக்க முடியாதா? ஈ.சி.ஜி. இயந்திரம் அன்றும் இருந்தது. அதற்கான கேள்வியைக் கேட்கும்படி எவரும் நிர்ப்பந்திக்கப்படவில்லை என்பதே வித்தியாசம்.

நமது வயலிலிருந்து ஒரு சாட்சி

நம் நாட்டில் இதே பாடம் வேறு வடிவத்தில் கிடைத்தது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. அவ்வாண்டளவில் மொனோக்குரோட்டோபொஸ் முதலிய கொடிய கிருமிநாசினிகளும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டாகும்போது விகிதம் பாதியளவாகக் குறைந்துவிட்டது. 1986 முதல் 1995 வரையான பத்தாண்டுகளோடு ஒப்பிட்டால் 1996 முதல் 2005 வரை 19,769 தற்கொலைகள் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. மன உளைச்சல் இல்லாத நாடாக நாம் மாறிவிடவில்லை. போரும் கடனும் இருந்தே வந்தன. கணநேர வெறுப்பில் கை நீட்டும் தூரத்தில் இருந்த பொருள் மட்டும் மாறியது. அதனால் வைத்தியசாலைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கூடினார்கள், வந்தவர்கள் பிழைத்தார்கள், பிழைத்தவர்களில் மிகப் பலர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். தற்கொலைத் தடுப்புப் பற்றிய ஆய்வுகளில் இலங்கையின் கிருமிநாசினியும் பிரித்தானியாவின் மாத்திரையும் அருகருகே பேசப்படுவதன் காரணம் இதுவே.

இன்னும் முடியாத பாடம்

டார்வொன் போய்விட்டது என்பதற்காக அதன் பாடமும் போய்விடவில்லை. அதன் மூதாதையான மெதடோனே 2002இல் புதிய கவனத்தைப் பெற்றது. அதிக அளவில் மெதடோன் பெற்றுவந்த 17 நோயாளிகளுக்கு, பிரெஞ்சு வைத்தியர் டெசர்ட்டென் 1966இல் முதன்முதலாக விவரித்த "டோர்சாட் டி புவான்ட்" என்னும் ஆபத்தான தாளக்கேடு ஏற்பட்டதை அமெரிக்க வைத்தியர் மோரி கிரான்ட்ஸ் முதலியோர் பதிவு செய்தனர். ஈ.சி.ஜி. கோடு நாடாவை முறுக்கியது போலச் சுழலும் நிலை அது. மெதடோன் அடைப்பது சோடியம் வாயிலை அல்ல, இருதயம் மீண்டும் மின்னேற்றம் பெற உதவும் பொற்றாசியம் வாயிலை. 2006இல் அமெரிக்காவில் அதன் பொதியில் மிகக் கடுமையான எச்சரிக்கை இடப்பட்டது. ஹெரோயின் அடிமைகளுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட லாம் என்ற மருந்து இதே காரணத்தால் 2001இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டு, 2003இல் அமெரிக்காவிலும் மறைந்தது. வயிற்றோட்டத்துக்கு மருந்துக்கடையில் வாங்கும் லொபெரமைடும் அபின் குடும்பத்தின் தூரத்து உறவே. அதைப் பன்மடங்கு அளவில் உட்கொண்டால் இருதயத் தாளம் குலையும் என அமெரிக்க நிருவாகம் 2016இல் எச்சரித்தது.

இவற்றிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுகள் கற்றுக்கொண்ட நடைமுறை எளிமையானது. அபின் வகை மருந்தை அளவு மீறி உட்கொண்டவர் கண் விழித்துப் பேசினாலும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். கூம்பு அகன்றிருந்தால் சோடியம் பைகாபனேற், கியூ.ரி. நீண்டு தாளம் முறுக்கினால் மக்னீசியம். நலொக்சோனின் வீரியம் தீர்ந்த பின்னரும் உடலில் மருந்து தங்கியிருக்கும் என்பதால் மணிக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். மூச்சு திரும்பியது என்று தாதியும் உறவினரும் மகிழும் அந்த நேரத்தில், வைத்தியரின் கண் கோட்டில் இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மோர்பின் என்ற சொல்லுக்கே அஞ்சிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மோர்பினும் மெதடோனும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் உள்ளவை. புற்றுநோயின் கடைசி நாட்களில் மோர்பின் கிடைக்காமல் துடிப்பது, மருந்தின் ஆபத்தைவிடப் பெரிய கொடுமை. பெரும் வலிக்குப் பெரும் நிவாரணம் தரும் மருந்தின் ஆபத்தை எச்சரிக்கையோடு ஏற்கலாம். டார்வொனின் குற்றம், சிறு நிவாரணத்துக்குப் பெரும் விலை கேட்டது; அவ்விலையை எவருக்கும் சொல்லாமல் கேட்டது.

இப்போது எண்ணிப் பார்க்கிறேன். 2010இல் நான் வெட்டிய ஐந்தாவது வரி, இளம் வைத்தியர் ஒருவரின் கண்ணிலோ, முதியவர் ஒருவரின் மகளின் கண்ணிலோ பட்டிருக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் அவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அமெரிக்காவில் முதல் மனு கொடுக்கப்பட்ட 1978இல், அந்நாட்டுப் பத்திரிகைகளிலும் என்னைப் போன்ற ஒருவர் எங்கோ ஒரு மேசையில் அமர்ந்து அச்செய்தியை நான்கு வரியாக்கியிருப்பார். இடம் போதவில்லை என்பது எங்கள் தொழிலில் எப்போதும் உண்மையான காரணம். எதற்கு இடம் போதவில்லை என்பதை மட்டும் பின்னர்தான் அறிகிறோம்.